டீசல் என்று சொன்னால் போதும்

டீசல் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், இன்னும் நாலு வருஷம் ஓட்டிவிடலாம் என்று கீழ்ப்பாக்கத்திலிருந்து கிண்டி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த தனகோட்டிக்கு, ஷோரூமின் குளிரில் நின்றபோது அந்தச் சொல் நாக்கடியில் கரையாத மாத்திரை மாதிரி கிடந்தது. எதிரே இரண்டு வண்டிகள் நின்றன. ஒரே கறுப்பு, ஒரே உயரம், ஏறுவதற்கு ஒரே மாதிரி படிப்பலகை. எஞ்சின்தான் வேறு. இடது பக்கம் நின்றது டீசல். வலது பக்கம் நின்றது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற ஹைப்ரிட். வெறும் பெட்ரோலிலும் வருமாம், அதற்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதுகூடப் பாப்பா முகத்தைச் சுளித்து "அஞ்சு மாசமா?" என்று கேட்டதை வைத்து அவராகக் கூட்டிக்கொண்டதுதான். வண்டி விற்கிற ஜெசிந்தா என்ற அம்மா சளி பிடித்து மூக்குவரை முகக்கவசம் போட்டிருந்தாள். அவள் கண்கள் சிரித்தன, கைகள் விளக்கின, கவசம் லேசாக உப்பி உப்பி அடங்கியது. அவ்வளவுதான். வாய் தெரியாவிட்டால் தனகோட்டிக்குப் பேச்சு இல்லை. வலது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அவர் மனைவி கன்னியம்மா, அரசு ஆஸ்பத்திரியில் காது பார்த்த டாக்டர். பாப்பாவுக்குத் தெரியாது. பாப்பா என்பது சாருலதா. முப்பத்தாறு வயது, கிரானைட் கம்பெனியின் முதலாளி, ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. ஆனால் அவர் அந்த வீட்டில் டிரைவராகச் சேர்ந்த அன்று அவள் யூகேஜி. முதல் சவாரியே அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதுதான். பெயர் அன்றைக்கே பாப்பா என்று ஆகிவிட்டது, இனி மாறாது. அவள் இப்போது அவர் பக்கம் முழுதாகத் திரும்பிச் சொன்னாள். அவள் வாய் அவருக்கு மனப்பாடம், ஒரு சொல் தவறாது. "ரெண்டையும் ஓட்டிப் பாருங்கண்ணா. அப்பா இருந்தா எப்படிப் பண்ணியிருப்பாரோ அப்படியேதான். நீங்க எதைச் சொல்றீங்களோ அதை எடுப்போம்."

அப்பா எப்படிப் பண்ணியிருப்பார் என்று தனகோட்டிக்குத் தெரியாதா. சபாரத்தினம் அய்யா எந்த வண்டி வாங்கப் போனாலும் விலை, வட்டி, வண்ணம் எதையும் முதலில் பேச மாட்டார். "பானெட்டத் திறங்க. எங்க ஆள் கேக்கட்டும்" என்பார். கேக்கட்டும். அந்தச் சொல்தான் இப்போது குத்துகிறது. தனகோட்டி கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் மேல் குனிவார். பெல்ட் முனகுவது, டேப்பட் தட்டுவது, எங்கோ ஒரு பேரிங் இப்போதுதான் தேய ஆரம்பித்திருப்பது எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கும், கல்யாண வீட்டில் இருட்டில் பேசினாலும் இன்னார் குரல் என்று தெரிகிற மாதிரி. ஒருமுறை சேலத்தில் ஒரு பழைய வண்டியைக் கேட்டுவிட்டு, அய்யா வேணாம், மூணாவது சிலிண்டர் செத்துக்கிட்டிருக்கு என்றார். விற்க வந்தவன் சத்தியம் செய்தான். அய்யா சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தனகோட்டிக்கு இருக்கற காது டாக்டருக்கு இல்லைய்யா என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட காது. முதலில் குருவிச் சத்தம் போனது, அது போனதே தெரியவில்லை. பிறகு ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி அடிக்கும் பீப் பீப் போனது. சென்சார் கெட்டுப்போச்சு என்று நினைத்து மெக்கானிக்கிடம் காட்டினார். அவன் "நல்லாத்தானே அடிக்குது" என்று சொன்னதை அவன் உதட்டில் பார்த்தார். அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் நரம்பு வீக் என்று எழுதிக்காட்டினார். காதில் வைக்கிற மெஷின் இதோ சட்டைப் பையில், கைக்குட்டைக்குள் இருக்கிறது. வைத்தால் உலகமே தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கினது மாதிரி ஆகிறது. ஹாரன் முன்னாலா பின்னாலா, வலமா இடமா தெரியவில்லை. அதைவிட, வைத்தால் பாப்பா பார்ப்பாள்.

டீசல் வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜெசிந்தா முன்னால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள், பாப்பா பின்னால். தனகோட்டி உள்பக்கக் கண்ணாடியைத் திருப்பினார். பின்னால் வரும் சாலை தெரியும்படி அல்ல, பாப்பாவின் வாய் தெரியும்படி. ஒரு வருஷமாக எல்லா வண்டியிலும் அப்படித்தான். பட்டனை அழுத்தியதும் வந்துவிட்டது. காதில் இல்லை, உள்ளங்காலில். பிறகு தொடையில், ஸ்டியரிங் பிடித்த விரல் நுனியில், வயிற்றுக்குள். ஆறு சிலிண்டர், நல்ல சாதி எஞ்சின், சன்னமாக, பசு மேல் கைவைத்தால் தோலுக்குள் ஒரு நடுக்கம் ஓடுமே அப்படி. ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் ஒரு மாதிரி, இரண்டாயிரத்தில் ஒரு மாதிரி, கியர் மாறும்போது முதுகெலும்பில் ஒரு சின்னத் தட்டல். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி மூச்சுப் பிடித்ததும், மேலே வந்து மூச்சை விட்டதும் அத்தனையும் உடம்புக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிடும்போல இருந்தது அவருக்கு. இதோ பேசுகிறதே. இது என்னோடு பேசுகிறதே. வீட்டில் கன்னியம்மா கத்துகிறாள், தெருவே கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. இது முணுமுணுக்கிறது, எனக்குப் புரிகிறது. டீசல்னு சொல்லிடலாம். மலை ஏறும், மைலேஜ் வரும், இழுவை இருக்கும், அய்யா காலத்திலிருந்து நம்ம வீட்டுக்கு டீசல்தான் பாப்பா. ஒன்றும் பொய் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் மலை எங்கே ஏறப்போகிறது? அங்கேதான் நினைப்பு மாட்டிக்கொண்டது. கீழ்ப்பாக்கத்திலிருந்து சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடம், அங்கிருந்து நுங்கம்பாக்கம் ஆபீஸ், திரும்ப வீடு. அதுதான் வருஷம் முழுக்க ஓட்டம். எஞ்சின் சூடாவதற்குள் அணைக்கிற ஓட்டம். இந்தக் காலத்து டீசலுக்குப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு, கரியெல்லாம் அதில் படியும், நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால்தான் எரிந்து போகும். நின்று நின்று போகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை. பிறகு நடுரோட்டில் சிவப்பு விளக்கு எரியும், பாப்பாவும் குழந்தையும் வெயிலில் நிற்பார்கள். இது தெரிந்துகொண்டே டீசல் என்று சொல்வதா? ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே மகாபலிபுரம் வரைக்கும் விரட்டிக்கொண்டு போய் எரித்துவிட்டு வருகிறேன், அதற்கென்ன. நாலு வருஷம்தானே. அப்புறம் யாரோ. அப்புறம் எனக்கென்ன. கண்ணாடியில் பாப்பாவின் வாய், "நல்லாயிருக்குல்லண்ணா?" என்றது. "சூப்பரா இருக்கு பாப்பா" என்றார். தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று தெரியவில்லை. ஜெசிந்தா சட்டென்று திரும்பிப் பார்த்ததால் உரக்கத்தான் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் எனக்கென்ன என்று நினைத்தது தப்பு. நினைத்த உடனே அந்தக் காலைப்பொழுது வந்து முன்னால் நின்றது. நினைக்கக் கூடாது என்று மூன்று வாரமாக அவர் எதன்மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருந்தாரோ அது. வீட்டு போர்டிகோவில் பழைய வண்டியைப் பின்னால் எடுக்கிறார். குழந்தை மிருணா உள்ளே இருப்பதாக நினைப்பு. ஐந்து வயசு, அவரைக் கோட்டித் தாத்தா என்று கூப்பிடுவாள், தனகோட்டியில் அவள் வாய்க்குப் பிடித்த பாதி. அவள் தண்ணீர் பாட்டில் உருண்டு வண்டிக்குப் பின்னால் போயிருக்கிறது. எடுக்கக் குனிந்திருக்கிறாள். வண்டி பீப் பீப் என்று அடித்திருக்கும். அவள் கத்தியிருக்கிறாள். ஒன்றும் இல்லை அவருக்கு, ஒன்றுமே இல்லை, மார்கழி வெயில், ஜன்னலில் செம்பருத்தி, மனசில் அன்றைக்கு என்ன குழம்போ. திடீரென்று இருக்கையின் முதுகில் தடதடவென்று ஒரு அதிர்வு. சமையல்கார அலமேலு ஓடி வந்து இரண்டு கையாலும் டிக்கியை அறைந்துகொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போனபோது சக்கரத்துக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு முழம். அந்த ஒரு முழத்தை அவர் கண்ணை மூடினாலும் அளந்துகொண்டே இருக்கிறார். குழந்தை அழவில்லை. முன்பல் இரண்டும் விழுந்த வாய், அந்த வாயைப் படிப்பதுதான் கஷ்டம், இருந்தாலும் அது புரிந்தது. "நான் கத்தினேனே தாத்தா. நீ ஏன் நிக்கல?" அவர் சிரித்தார். ஆமாம், சிரித்தார். சும்மா விளையாட்டு காட்டினேன் கண்ணு என்றார். அவள் நம்பிவிட்டாள். நல்ல விளையாட்டு என்று அவளும் சிரித்தாள். அலமேலு மட்டும் அன்றிலிருந்து அவருக்கு டீ கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தபோது கன்னியம்மா எதிரே வந்து உட்கார்ந்து அவர் மோவாயைப் பிடித்துத் தன் வாய்ப்பக்கம் திருப்பிச் சொன்னாள்: "சொல்லிடுய்யா. அவங்க வீட்டுக் குழந்தைய்யா." நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். டிரைவர் வேலை போனால் பட்டினி இல்லை, அது அல்ல விஷயம். அந்த வீட்டு வாசலில் அவருக்கு வேறு என்ன பெயர்? வண்டி இல்லாவிட்டால் எந்தக் காரணம் சொல்லிக்கொண்டு கேட்டைத் திறப்பார்?

ஹைப்ரிட்டில் ஏறி பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தப் போனார், ஜெசிந்தா கையைப் பிடித்துத் தடுத்து முன்னால் இருந்த திரையைக் காட்டினாள். ஓடிக்கொண்டிருக்கிறதாம். எங்கே? உள்ளங்காலை மிதியில் அழுத்திப் பார்த்தார். கல் தரையில் நின்றது மாதிரி. தொடை, விரல், வயிறு, எங்கும் எதுவும் இல்லை. வண்டி நகர்ந்தது, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி, சத்தம் போடாமல் வீட்டைவிட்டுப் போகிற மனுஷன் மாதிரி. கண்ணாடியில் பாப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன அமைதிண்ணா!" என்றாள். அவளுக்கு அமைதி என்றால் ஒரு சுகம், நாள் முழுக்க போன், ஆள், கல் அறுக்கிற மெஷின் என்று சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவள். அவருக்கு அமைதி என்றால் கிணறு. வேகமுள்ளைப் பார்த்துத்தான் வேகம் தெரிந்தது, மரங்கள் பின்னால் போவதை வைத்துத்தான் போகிறோம் என்றே தெரிந்தது. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சிக்னலில் நின்றதும் எஞ்சின் இருக்கிறதா அணைந்துவிட்டதா தெரியாமல் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பச்சை விழுந்தது. எடுத்தார். இடது பக்கம் ஒதுங்கலாம் என்று லேசாகத் திருப்பினார். ஜெசிந்தாவின் கை பறந்து வந்து டேஷ்போர்டை அறைந்தது. அவர் மிதித்துவிட்டார். கதவை உரசாத குறையாக ஒரு ஸ்கூட்டர் தடுமாறி நின்றிருந்தது. ஓட்டி வந்த பெண் காலை ஊன்றிக்கொண்டு, முகம் வெளுத்துப்போய், வாயை அகலத் திறந்து திட்டிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஒரு குழந்தை, பள்ளிச் சீருடையில், அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. எவ்வளவு நேரமாக ஹாரன் அடித்திருப்பாளோ. அந்தக் குழந்தைக்குப் பல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஏன் தோன்றியது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தார். குழந்தை வாயைத் திறக்கவில்லை. ஸ்கூட்டர் போய்விட்டது. போன பிறகும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பாப்பா தோளைத் தொட்டாள். "பரவாயில்லண்ணா, புது வண்டிதானே, கை பழகணும்." புது வண்டியாம். இவளுக்கு எவ்வளவு நம்பிக்கை. யூகேஜி காலத்தில் வண்டியில் சீட் பெல்ட் கிடையாது, பிரேக் போடும்போதெல்லாம் இடது கையை நீட்டி இவள் நெஞ்சில் அணை கொடுப்பார். அந்த நம்பிக்கை அங்கேயே நிற்கிறது, முப்பத்தோரு வருஷமாக, அந்தக் கை மேலேயே.

ஷோரூமுக்குத் திரும்பி இறங்கியதும் காப்பி வந்தது. மூன்று பேரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள், கவசம் உப்பி அடங்கியது. பாப்பா பேனாவைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தாள். டீசல்னு சொல்லிடு. ஒரு சொல். வாயை ஒருமுறை திறந்து மூடினால் போதும். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம். கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பின்னால் எடுக்கும்போது இனி இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டு எடுக்கலாம். எத்தனை தடவை இறங்குவாய்? ஒரு தடவை மறக்க மாட்டாயா? ஒரு முழம். சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம். "ஹைப்ரிட் எடுங்க பாப்பா" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னதே தெரிந்தது. "டீசல் நம்ம ஓட்டத்துக்கு ஆகாது. பள்ளிக்கூடம், ஆபீஸ்னு நின்னு நின்னு போற வண்டி, வடிகட்டி அடைச்சுக்கும். இதான் உங்களுக்குச் சரி." அவள் தலையாட்டினாள். "எனக்கும் இதான் பிடிச்சிருந்தது. நீங்க டீசல்னு அடம் பிடிப்பீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் தாளில் வைத்தாள். "ஆனா இத ஓட்டறதுக்கு வேற ஆள் பாத்துக்குங்க" என்றார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏன்? நாலு நாள்ல பழகிடும்." "பழகாது பாப்பா. எனக்குக் காது கேக்கல." பேனா நின்றது. மெஷினைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தார், காட்டினால்தான் நம்புவாள் என்பதுபோல. "வலது பக்கம் சுத்தமா போச்சு. ரெண்டு வருஷம். இந்தப் பக்கம் கொஞ்சம் இருக்கு. நீங்க பேசறத வாயப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்." அவள் முகம் மெல்ல உருகியது. கை அவர் கைப்பக்கம் நீண்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கன்னியம்மாகூட அவ்வளவுதானே சொல்லச் சொன்னாள். ஆனால் மூன்று வாரமாக மூடி உட்கார்ந்திருந்ததன்மேலிருந்து எழுந்தாகிவிட்டது, மறுபடி உட்கார முடியவில்லை. போர்டிகோவைச் சொன்னார். பாட்டிலைச் சொன்னார். அலமேலு அறைந்ததை, ஒரு முழத்தை, விளையாட்டு காட்டினேன் என்று குழந்தையிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். நீண்டு வந்த கை பாதியில் நின்றது. பிறகு திரும்பிப் போய் அவள் மடியில் விழுந்தது. அவளை எத்தனையோ முகத்தில் பார்த்திருக்கிறார். காய்ச்சலில், கல்யாணத்தில், அய்யாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று. இந்த முகத்தைப் பார்த்ததில்லை. தெரியாத ஓர் ஆளைப் பார்க்கிற முகம். "மூணு வாரம்" என்றாள். "மூணு வாரமா டெய்லி அவளக் கூட்டிட்டுப் போனீங்க." அவர் தலையாட்டினார். "எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?" தோணாமல் இருந்த நேரம் எது என்று அவருக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் இன்னொரு தடவை தலையாட்டினார். ஜெசிந்தா எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். பாப்பா தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். உள்ளங்கையை நீட்டினாள். "சாவியக் குடுங்கண்ணா." அண்ணா என்றுதான் சொன்னாள். அது அப்படியே இருந்தது.

பழைய வண்டியை அவளே எடுத்தாள். தனகோட்டி பழக்கத்தில் அவளுக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அவள் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போனது தெரிந்த பிறகு மெதுவாகச் சாத்தினார். தான் எந்தக் கதவைத் திறப்பது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அவள் உள்ளிருந்து எட்டி முன்பக்க இடது கதவைத் திறந்துவிட்டாள். அந்த வண்டியில் அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் சாலை வேறு மாதிரி இருந்தது, எல்லாம் கொஞ்சம் கிட்டத்தில், கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள், கன்னம் நனைந்திருந்தது, வாய் அசைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் பாதி வாய்தான் தெரிந்தது. அவள் பக்கம் இருந்தது செத்துப்போன வலது காது. திட்டுகிறாளா, அழுகிறாளா, நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறாளா, வேறு ஏதாவது வேலைக்கு வரச்சொல்கிறாளா. தேனாம்பேட்டை தாண்டி ஜெமினி மேம்பாலம் வரைக்கும் அவள் பேசினாள், அவர் தலையாட்டிக்கொண்டு வந்தார். எதற்குத் தலையாட்டுகிறேன்? என்னென்னவற்றுக்கெல்லாம் சரி சொல்லிவிட்டேன்? "கேக்கல பாப்பா" என்றார். அந்த வீட்டு மனுஷர் ஒருவர் பேசும்போது, தலையாட்டி ஏமாற்றாமல் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வதற்கு அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஸ்டெர்லிங் ரோடு சிக்னலில் வண்டி நின்றதும் அவள் முழுதாக அவர் பக்கம் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக, பெரிதாக வாயைத் திறந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி சொன்னாள். "நாளைக்கு ஸ்கூலுக்குக் கெளம்பும்போது தாத்தா எங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்ல?" "ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லுங்க" என்றார். "உங்களுக்கு எதுண்ணா ஊரு? பக்கத்துல ஓட்டேரிதானே" என்றாள், உதடு கோணிக்கொண்டது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத மாதிரி. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்திருக்க வேண்டும். அவள் தோள் திடுக்கிட்டது, திரும்பிக்கொண்டாள், கியரைப் போட்டாள். சேத்துப்பட்டுப் பாலம் வரும்போது அவள் வாய் மறுபடி அசைய ஆரம்பித்தது. இந்தத் தடவை அவர் என்னவென்று கேட்கவில்லை.